தேங்காய் எண்ணெய் தலைக்கு மட்டும்

திருப்பத்தூரிலிருந்து காவலூருக்கு மலையேறும் பஸ். எனக்கு முன்சீட்டில் இரண்டு இளைஞர்கள். நீலச்சட்டைக்காரன் சத்தமாகவே சொன்னான்:

“தேங்கா எண்ணெய தலைக்கு மட்டும் வெச்சிக்க மச்சான். காண்டத்துல தடவுனா கிழிஞ்சிடும். அதுக்குன்னு மெடிக்கல்ல ஜெல் விக்கிறாங்க.”

“அதான் நேத்து கிழிஞ்சிச்சா!”

“நேத்தா? எறங்குடா. எச்ஐவி வராம தடுக்க மாத்திரை கீது. மூணு நாளுக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது. திருப்பத்தூர் ஜிஎச்சுக்கே திரும்பிப் போலாம்.”

“யார்கூடன்னு டாக்டர் கேட்டா இன்னா சொல்றது?”

“ஆம்பள கூடன்னு சொல்லு. போன வருஷம் நானும் அப்டித்தான் சொன்னேன். மாத்திரைய குடுத்தாங்க, அவ்ளோதான்.”

கண்டக்டர் விசிலடித்து பஸ்ஸை நிறுத்தினார். கீழே போகும் பஸ்ஸைப் பிடிக்க ரோட்டைத் தாண்டும்போது, கேள்வி கேட்டவன்தான் முன்னால் ஓடினான்.