சரி சொல்லாத பன்னிரண்டு ஓட்டங்கள்

இந்த டீயில் சர்க்கரை ஒரு சிட்டிகை தூக்கல். குறையாகச் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர் சார். பழக்கதோஷம். ராஜகோபால் ஆகிய நான் முப்பத்தோரு வருடம் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் இருந்தவன். நான் "சரி" என்று சொல்லாமல் ஒரு போல்ட்டுகூட கேட்டைத் தாண்டியதில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக என் மேஜையைச் சுற்றி எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். ஓய்வு பெற்ற மறுநாள், முடிச்சூர் வீட்டில், மெஸ்ஸிலிருந்து வந்த இட்லியைப் பார்த்துச் "சரி" என்றேன். கேட்க ஆளில்லை. என் மனைவி சந்திரிகா போய் அப்போது இரண்டு வருடம்.

இந்தச் சித்திரையில் கார் சூடாகி, இன்ஜினின் ஹெட் வளைந்துவிட்டது. மெக்கானிக் தாவீதிடம் விட்டேன். ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சமன் செய்து, புது டைமிங் பெல்ட் மாட்டினான். அந்த பெல்ட் நழுவினால் ஓடுகிற வண்டி ஓடுகிற இடத்திலேயே செத்துவிடும். அதனால் அவனிடம் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் வண்டிக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்து வெளிவட்டச் சாலையில் ஒரு ஓட்டம். அவர் வாயால் "சரி" வந்தால்தான் வண்டியை விடுவான்.

முதல் ஓட்டத்திலேயே வண்டி சரியாகத்தான் இருந்தது. புதுசில்கூட அப்படி இழுத்ததில்லை.

"எப்டி கீது சார்?" என்று என் முகத்தையே பார்த்தான். ஐந்து வருடமாக யாரும் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்ததில்லை.

"பிக்கப் கொஞ்சம் கம்மி, தாவீது" என்றேன்.

அதிலிருந்து சனிக்கிழமைதோறும் ஓட்டம். தன் மனைவி ரோஸி வைத்த மீன் குழம்பு, பொழிச்சலூர் மச்சான் வாங்கிய ஆட்டோ, எல்லாம் பேசிக்கொண்டே ஓட்டுவான். திரும்பியதும் நான் உதட்டைப் பிதுக்குவேன். மறுபடி பிரிப்பான். இரண்டு முறை ஹெட்டையே கழற்றினான். குடியிருப்போர் சங்கத்து வாட்ஸப் குழுவில் யாரோ அவனைப் பற்றி விசாரித்தார்கள். "வேலையில் எனக்கு இன்னும் திருப்தி வரவில்லை" என்று நடுநிலையாக எழுதினேன். பட்டறை வாசலில் வண்டிகள் குறைந்தன. நான் நாற்காலி போட்டு உட்கார இடம் கிடைத்தது.

பன்னிரண்டாவது ஓட்டம் முடிந்ததும் சாவியை என் கையில் வைத்தான்.

"என் காதுக்கு ஒண்ணுமே மாட்டல சார். பதினெட்டு வருசமா இந்தக் காத நம்பித்தான் பொழைச்சுகினு கீறேன். இப்ப அதுமேலயே டவுட்டு. ஒரே பேஜாரா கீது. வேற யார்கிட்டனா காட்டுங்க சார்."

இல்லாத கோளாறைத் தேடச் சொல்லி ஒரு தொழிலாளியை அலைக்கழிப்பது நியாயமில்லை. எனக்கும் மனசாட்சி உண்டு. ஆகவே புகாரை உண்மையாக்கினேன். மூடியைக் கழற்றி, அந்த பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற நட்டை அரைச் சுற்று தளர்த்தினேன். அரைச் சுற்றுக்கு மேல் இல்லை. அளவு விஷயத்தில் நான் தவறியதே கிடையாது.

கூப்பிட்டேன், செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தான். ஸ்டார்ட் செய்ததும் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"நீங்க சொன்னது கரெக்டு சார். உள்ள இன்னாவோ கீது." மூன்று மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தான். "நாந்தான் செவுடாயிட்டேன்னு பயந்துட்டேன். ரோட்டுல ஒரு மிதி மிதிச்சா புடிச்சுடலாம். ஏறுங்க."

அன்றைக்கு மட்டும் எனக்கு முதுகு வலி. நீயே போய்ப் பார்த்துவிட்டு வா என்றேன்.

மிச்சம் உங்கள் கோப்பில் இருக்கிறது. வண்டி நடு ரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரர் மேல் தப்பில்லை.

தாவீதின் அடக்கத்தில் எல்லோரும், "அவன் செஞ்ச வேலையே அவன முடிச்சிடுச்சு" என்று பேசிக்கொண்டார்கள். ரோஸியும் அதை நம்பித் தலையாட்டினாள். அது பொறுக்காமல்தான் நானாக இங்கே வந்தேன். அவன் வேலையில் குறையே இல்லை. சரியான வேலை. இதோ, சொல்லிவிட்டேன்.

காலையிலிருந்து எதிரே உட்கார்ந்து எழுதுகிறீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படித்துக் காட்டி, என் முகத்தைப் பார்த்துச் "சரியா சார்?" என்று கேட்கிறீர்கள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் எங்கோ கொஞ்சம் இழுவை கம்மி. இன்னொரு தடவை முதலிலிருந்து பார்த்துவிடலாம். கையெழுத்துக்கு என்ன அவசரம். நாளைக்கும் நீங்கள்தானே டூட்டி?