கரையில் எழுந்த புகை

ஓடுகிறேன். வலது கைப்பிடியில் மகள் துசி. ஏழு வயது. தண்ணீர்க் கேனை எங்கோ போட்டுவிட்டேன். தூரத்தில் பீரங்கியிலிருந்து ஷெல் குத்தும் சத்தம். பன்னிரண்டு எண்ணுவதற்குள் விழும். எண்ணிக்கொண்டே ஓடுகிறேன்.

"பங்கருக்குள்ள இறங்குங்கோ!" பதுங்குகுழியிலிருந்து யாரோ கத்துகிறார்கள்.

ஒன்பதில் விழுந்தது. என் கை மட்டும் அவள் கையை விடவில்லை.

மாசி மாதம். வெள்ளிக்கிழமை. காலை ஆறே முக்கால். எங்களுடையது ஈழத்தின் கிழக்குக் கரையில் ஒரு சின்னத் துறைமுக ஊர். ரோடு மூடிப் பல மாதம். அரிசி இல்லை. மீன்தான் சாப்பாடு. தம்பி யோகன் விடியுமுன் வள்ளத்தில் போயிருந்தான். பனி இறங்கிவிட்டது. கடலும் தெரியவில்லை, கரையும் தெரியவில்லை.

பனியில் வள்ளம் திசை தவறினால், வீட்டுப் பெண்கள் கரையில் பச்சை ஓலையைப் புகைய விடுவார்கள். விடியற்காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும். புகை மணத்தைப் பிடித்து வள்ளம் வந்து சேரும். எங்கள் அப்பாவே இப்படிப் பலமுறை வந்திருக்கிறார்.

அன்று என் மனைவி புஷ்பா மாட்டேன் என்றாள். மேலே வேவு விமானம் இரைந்துகொண்டிருந்தது. நாங்கள் அதை வண்டு என்போம்.

"வேண்டாமப்பா. பனிக்கு மேல புகை எழும்பினா ஆமிக்காரங்கள் இஞ்சதான் அடிப்பாங்கள்."

அவள் சொன்னது சரி. எனக்கும் தெரியும். ஆனால் எனக்குத் தம்பி வேண்டும். நானே ஓலையை இழுத்துப் போட்டுக் கொளுத்தினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, ஷெல் வரத் தொடங்கியது.

வள்ளம் மண்ணில் முட்டியபோது ஓலை இன்னும் புகைந்துகொண்டிருந்தது. யோகன் கையில் ஒரு கோர்வை மீன். ஓலைக்குப் பக்கத்தில் புஷ்பா செத்துக் கிடந்தாள். அவளைப் பார்த்ததும் அவனாக ஒன்றை முடிவு செய்துகொண்டான். நான் திருத்தவில்லை.

இப்போது மதுரைக்குப் பக்கத்தில் அகதி முகாம். பரவைப் பக்கம் ஒரு கண்மாயில் நானும் யோகனும் வலை போடுகிறோம். போன மார்கழி. காலைப் பனி. கண்மாயைக் குத்தகைக்கு எடுத்த முத்துப்பாண்டி கரையில் ஈர வைக்கோலைப் புகைய விட்டிருந்தார். யோகன் தண்ணீரில் நிற்கிறான். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது. ஓடிப்போய் வெறுங்காலால் நெருப்பை மிதித்தேன்.

"கொசுவுக்குத்தாண்ணே போட்டேன். இம்புட்டுப் புகைக்கா இப்படி ஓடி வாரீக?"

யோகன் கரையேறி வந்து அவருக்கு விளக்கம் சொன்னான். எல்லோரிடமும் சொல்வதைத்தான். அன்று அண்ணி புகை போட்டதால்தான் அவன் உயிரோடு இருக்கிறானாம். அண்ணிதான் அவனுக்குச் சாமியாம். நான் கால் கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது.

அதனால் எழுதுகிறேன். செத்தவள் தலையில் இனியும் என் காரியத்தை ஏற்றக் கூடாது.

இழந்தவை. புஷ்பா, முப்பத்தொரு வயது. துசி. புகையைக் கண்டு தங்கள் ஆட்களும் திரும்புவார்களென்று கரைக்கு வந்த பக்கத்து வீட்டார் மூன்று பேர். வீடு. இரண்டு வலை. புகை போட்டவன் நான். இதை வாசித்த பிறகு யோகனையும் இந்த எண்ணிக்கையில் சேர்க்க வேண்டியிருக்கலாம்.