அம்மாவின் கனவில் ஒரு சாவி

பிறர் கதையை ஒட்டுக்கேட்பதற்காகப் பேருந்தில் நித்திரை கொள்வதுபோல நடிப்பது, இந்த வயதிலும் என்னை விட்டுப் போகாத கெட்ட பழக்கம். புதுக்குடியிருப்பில் ஏறியதுமே கண்ணை மூடிக்கொண்டேன். முன் இருக்கையில் ரியூசன் வகுப்பு முடித்து வந்த இரண்டு பெண்பிள்ளைகள். ஒருத்தி, மற்றவர்களின் கனவுகளுக்குள் நுழையும் பெண்ணைப் பற்றிக் கொப்பியில் நாவல் எழுதுகிறவள். மற்றவள் அதை வாசித்து முடித்துவிட்டுச் சொன்னாள்:

"என்ர அம்மாவின்ர கனவுக்குள்ள கேக்காமல் போயிட்டாய்."

"நீதானே சொன்னனீ, அவா ஒவ்வொரு நாளும் கனவில பழைய வீட்டுச் சாவியைத் தேடுறா எண்டு. பாவமெண்டு என்ர கதையில வாற ஆள் எடுத்துக் குடுத்தவள்."

"அதை நான் இறங்க முந்தி வெட்டு."

"ஏனடி? நல்ல முடிவெல்லோ?"

"சாவி கிடைச்சால் பிறகு அம்மா அங்க ஏன் போகப்போறா? அந்த வீடு இப்ப இல்லை. அவா அதைக் கனவில மட்டும்தான் பாக்கிறா."

பேருந்து கண்டாவளையைத் தாண்டியது. பிறகு பேனை கீறும் சத்தம் கேட்டது.

"வெட்டிப்போட்டன். சாவி கிடைக்கேல்லை. இனி ஆற்ர கனவுக்குள்ள போறது?"

பரந்தனில் இறங்க எழும்பியவள் சொன்னாள்: "பின்னால இருக்கிற ஐயாவின்ரைக்குள்ள போவன்."

"அது ஏலாது. ஆள் நித்திரையே இல்லை."