சத்தம் போடாத கட்டில்

— குதிச்சே பாருங்க சார். சொல்லப்போனா, யானை ஏறிப் படுத்தாலும் இந்தக் கட்டில் 'கிரீச்'னு ஒரு சத்தம் போடாது.

— நாங்க யானை இல்லீங்க. கையால அமுக்கிப் பாத்தா போதாதா?

— கையால அமுக்கி வாங்கினவங்கதான் சார் மறு வாரமே சண்டைக்கு வர்றாங்க. கட்டில்னா படுத்துப் பாத்து வாங்கணும். மேடம், நீங்களும் படுங்க.

— படுங்களேன். கட்டில் மாத்தியே ஆகணும்னு ஒத்தக்கால்ல நின்னது நீங்கதானே?

— எல்லாரும் பாக்கறாங்க. கொஞ்சம் தள்ளிப் படு.

— அது சரி. இங்கேயுமா?

— சார் தப்பா நினைக்கக்கூடாது. புதுசா கல்யாணம் ஆனவங்களா?

— ஆறு மாசம்.

— அப்ப சொல்லவே வேணாம்! பழைய கட்டில் ஒடஞ்சிருக்கும்.

— எங்க ஒடையறது? அதுக்கு வேலையே இல்லைங்க.

— ஏய்!

— என்ன மேடம் சொன்னீங்க?

— ஒண்ணுமில்லைங்க. இதே மாதிரி இன்னும் அகலமா இருந்தா என்ன வெலன்னு கேட்டுட்டு வாங்க. அவசரமில்ல, நிதானமா வாங்க.

— இதோ, மாடியில கேட்டுட்டு வந்துடறேன். சொல்லப்போனா, நீங்க எந்திரிக்கவே வேணாம்.

— போயிட்டான். எதுக்கு அந்தாளுகிட்ட அப்படிச் சொன்ன?

— பொய்யா சொன்னேன்? ஆறு மாசமா ரயில்ல எதிரெதிர் பர்த்துல படுத்த மாதிரி படுத்துட்டு எந்திரிக்கறோம்.

— அதுக்குத்தானே புதுசு வாங்கலாம்ங்கறேன். பழசு 'கிரீச்'சுன்னா போதும், அடுத்த ரூம்ல எங்கப்பா 'ம்க்கும்'னு செருமறாரு. அதோட எனக்கு எல்லாம் அணைஞ்சுபோகுது.

— மாமாவும் அத்தையும் உங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தாங்களே, அந்த ஒரு வாரமும் யாரு செருமினா?

— அதாவது... ஆபீஸ்ல டென்ஷன்.

— சரி, நானே சொல்லிடறேன். ஞாயித்துக்கிழமை எங்கம்மா வீட்டுக்குப் போறேன்னேன்ல? பாத்துட்டு வர்றதுக்கு இல்ல. அங்க ஒரு ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்க ஆள் கேக்கறாங்க, இங்க நான் பாக்கற அதே வேலைதான். சேந்துடலாம்னு இருக்கேன்.

— எதுக்கு?

— பிடிக்காத பொண்டாட்டியப் பக்கத்துல படுக்கவெச்சு உங்கள எதுக்கு வதைக்கணும்?

— பிடிக்காதவளா? யார் சொன்னது?

— யார் சொல்லணும்? நான் கையத் தொட்டாலே கரண்ட் அடிச்ச மாதிரி சுவத்துப் பக்கம் திரும்பிக்கறீங்க. மூக்கா, பல்லா, எது பிடிக்கலன்னு கண்ணாடி முன்னாடி நின்னு நின்னு காலு வலிச்சதுதான் மிச்சம். சோப்பக்கூட மாத்திட்டேன். வீட்டுக்குப் பயந்து என்னைக் கட்டிக்கிட்டீங்கன்னு முடிவே பண்ணிட்டேன்.

— அய்யோ! உன் சோப்பு என்னம்மா பண்ணிச்சு? கோளாறு எனக்கு. மெதுவாப் பேசு. நான் டாக்டர்கிட்டகூடப் போயிட்டு வந்துட்டேன்.

— எப்ப?

— போன மாசம். பல் வலின்னு சொன்னேன்ல?

— அதான் எந்தப் பல்லுன்னு கேட்டா நாளுக்கு ஒரு பக்கம் காட்டினீங்களா!

— அதுக்கும் முன்னாடி ஏதோ பொடி வாங்கித் தின்னேன். குதிரை படம் போட்ட டப்பா.

— ரெண்டு நாள் பாத்ரூமே கதின்னு கெடந்தீங்களே, அதுவா?

— அதான். குதிரை அங்க மட்டுந்தான் ஓடிச்சு. சிரிக்காத!

— சிரிக்கல. டாக்டர் என்ன சொன்னாரு?

— ரத்தம், சர்க்கரை எல்லாம் பாத்துட்டு சுத்தமா இருக்குன்னாரு. காலையில கண்ணு முழிக்கறப்ப எப்படின்னு கேட்டாரு. அப்ப எல்லாம் ஒழுங்காத்தான் இருக்குன்னேன். "அப்ப ஒடம்பு மேல பழி போடாதீங்க தம்பி, மனசுதான் குறுக்கப் படுத்திருக்கு"ன்னுட்டாரு.

— மனசுல என்ன? என்மேல பயமா?

— என்மேலதான். எப்படிச் சொல்றது... எங்க ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு லைசென்ஸ் கேட்டு வர்றவன் அவ்வளவு தூரம் நல்லாத்தான் ஓட்டிட்டு வந்திருப்பான். நான் ஏறிப் பக்கத்துல உக்காந்து மார்க் போடற அட்டைய எடுத்ததும் இஞ்சின் ஆஃப் ஆயிடும். திரும்ப சாவியத் திருகுவான். திரும்ப ஆஃப்.

— தெனம் வந்து சொல்வீங்களே. அதுக்கென்ன இப்ப?

— கல்யாணத்தன்னைக்கு அலைச்சல், தூக்கமில்ல, ஒண்ணும் நடக்கல. போகட்டும்னு விட்டிருந்தா அதோட முடிஞ்சிருக்கும். மறுநாள்லேர்ந்து வெளக்க அணைச்சதும் நானே அட்டையும் பேனாவுமா எனக்குப் பக்கத்துல வந்து உக்காந்துக்கறேன். 'என்னப்பா, இன்னைக்காவது கெளம்புமா?'ன்னு. எங்க கெளம்பும்?

— நான் நம்ம ரெண்டு பேருதான் படுத்திருக்கோம்னு நெனச்சேன். மூணு பேரா?

— எங்கப்பாவோட நாலு.

— அய்யோ... முடியல... வயிறு வலிக்குது...

— மெதுவா சிரி! அந்தப் பீரோ பக்கம் இருக்கறவங்க திரும்பறாங்க.

— திரும்பட்டும். இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் எதுக்கு சோப்பு சோப்பா மாத்தறேன்?

— ஆம்பளை, இத எப்படி வாயத் தொறந்து...

— ஆம்பளையாம் ஆம்பளை! நான் மட்டும் என்ன? 'அசையாதீங்க, மூச்ச விடாதீங்க'ன்னு பகலெல்லாம் எக்ஸ்ரே எடுக்க வர்றவங்களுக்குச் சொல்லிட்டு, ராத்திரி நானே மரக்கட்டையா கெடந்தேன். எந்த நிமிஷம் பிடிக்கலன்னு வாய் விட்டுச் சொல்லிடுவீங்களோன்னு எனக்கும் பயந்தான்.

— பிடிக்காமயா ஒவ்வொரு பல்லா வலிக்குதுன்னு புளுகினேன்? இங்க பாரு, அந்த ஆஸ்பத்திரி வேலை...

— இன்னும் சரின்னு சொல்லல. சொல்லவும் போறதில்ல. ஏங்க, இனிமே ராத்திரி ஒண்ணும் நடக்க வேணாம். இந்த மாதிரி பேசிக்கிட்டே தூங்கிப்போவோம். எனக்கு அதுவே போதும்.

— நெஜமாவா?

— நெஜமா. இந்த ஆறு மாசத்துல நீங்க இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்ல. கையக் குடுங்க. என்ன, இப்படி வேர்த்திருக்கு?

— உன் கை சில்லுன்னு இருக்கு. அந்தப் புது சோப்பு நல்லாத்தான் இருக்கு.

— மோந்து பாக்காதீங்க, கடை இது! யாரோ வர்றாங்க.

— சார், கேட்டுட்டு வந்துட்டேன். அகலமானது அடுத்த வாரம் வருதாம். சொல்லப்போனா, உங்க ரெண்டு பேருக்கும் இதுவே தாராளம். கொஞ்சம் எந்திரிச்சீங்கன்னா நல்லது. இந்தப் பெரியவரும் அம்மாவும் படுத்துப் பாக்கணும்னு ரொம்ப நேரமா நிக்கறாங்க.

— எங்களுக்குக் கட்டிலே வேணாங்க, பழசே போதும். எந்திரிங்க, வீட்டுக்குப் போலாம்.

— நீ எந்திரி. என்னால இப்ப எந்திரிக்க முடியாது.

— ஏன், இடுப்பு பிடிச்சுக்கிச்சா?

— இல்லம்மா... யாருக்கும் தெரியாம அந்தத் தலகாணிய எடுத்து என் மேல வை.