முத்திரை வைத்த பெட்டி

— பெல்ட்ட இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கங்க மாமா. இது நம்ம வீட்டு வண்டி இல்ல.

— இறுக்கியாச்சும்மா. அது என்ன, பின் சீட்ல பேய் மாதிரி ஒண்ணு?

— எடைப் பொம்மை. பின்னாடியும் ஆள் கனம் இருந்தாத்தான் கடைசி ஓட்டம் செல்லும்னு ஒப்பந்தத்துல எழுதினது உங்க கம்பெனிதான?

— அதுக்காக ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி எல்லாமா?

— தலையோட கனமும் சேரணும்ல. சிலருக்கு அதுதான் ஜாஸ்தி.

— உன் வாய் மட்டும் மாறவே இல்ல. இதோ பாரும்மா, இந்த டெஸ்ட் டிராக்ல மூணு சுத்து, என் ஒரு கையெழுத்து, அடுத்த மாசம் கார் ஷோரூம்ல நிக்கும். நீயும் நானும் ஒரே வண்டில உக்காந்தோம்னு கேட்டா உங்க அக்காவுக்கும் சந்தோஷம்.

— அக்கா எங்க இன்னிக்கு?

— கடைக்குப் போறேன்னு காலைலயே கிளம்பிட்டா. நீதான் அவளோட பேசறதே இல்லையே, என்ன திடீர்னு?

— சும்மா கேட்டேன். பேச்ச விட்டது அவ. "உன் புருஷன் கை பண்ண தப்புக்கு என் புருஷன ஏன் இழுக்கற"ன்னா. அதுக்கு மேல என்ன பேச?

— அவ சொன்னதுல என்ன தப்பு? சகலை நல்ல டிரைவர், நான் இல்லைங்கல. ஆனா லாஜிக் என்னன்னா, அன்னிக்கு ஸ்டீயரிங்க அளவுக்கு மீறித் திருப்பிட்டாரு. விசாரணைல வந்ததே அதுதான்.

— விசாரிச்சது யாரு?

— நான்தான். கார்ல பிரேக்கப் பாத்துக்கற பெட்டி எங்களோடது, அப்ப நாங்கதான திறந்து பாக்கணும்? உங்க ஸ்பிரிங்க என்னிக்காவது நாங்க தொட்டிருக்கமா?

— தொட்டதில்ல. ரெண்டு கம்பெனியும் சம்பந்தம் பண்ணிக்கிட்ட நாள்லேர்ந்து அதானே நடக்குது. உங்க பீரோவ நாங்க திறக்கக் கூடாது, எங்க பீரோவ நீங்க திறக்கக் கூடாது. உடம்பு நாங்க செஞ்சது, மூளை நீங்க வச்சது, கார் மட்டும் ஒண்ணு. அந்த ஒரே காருக்கு ரெண்டு பேரு வச்சு, நீங்க ஒரு கடைல, நாங்க ஒரு கடைல விக்கப் போறோம்.

— எல்லாக் கூட்டுத் தொழில்லயும் அப்படித்தாம்மா.

— கார் வழுக்கினா, டிரைவர் கேக்காமலே பிரேக்கப் பிடிச்சு நேராக்கறதுதான அந்தப் பெட்டியோட வேலை?

— அதேதான்.

— அன்னிக்கு அது ஏன் பிடிக்கல?

— பிடிச்சுது. அவரு பண்ணின தப்புக்கு எந்தப் பெட்டியும் போதாது. சகலை இப்ப எப்படி இருக்காரு?

— படுத்திருக்காரு. இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல. தலையணைய மடில வச்சு, ஸ்டீயரிங் மாதிரி பிடிச்சுக்கிட்டு, கார் போய் மோதின அந்தச் சுவர் வளைவ திரும்பத் திரும்ப ஓட்டிப் பாக்கறாரு. "நான் எங்க தப்பு பண்ணேன், சொல்லேன்"ங்கறாரு. எத்தன தடவ ஓட்டினாலும் தப்பு கிடைக்க மாட்டேங்குது மாமா. கிடைக்காத தப்புக்கு உக்காந்து அழறாரு.

— எல்லாம் ஆறிடும்மா. நாளாகும்.

— எனக்கு ஆற வேண்டாம். ஒவ்வொரு மீட்டிங்லயும் நீங்க சிரிச்சுக்கிட்டே உள்ள வரும்போது எனக்கு வயிறு எரியும். அது அணைஞ்சிடக் கூடாதுன்னுதான் இந்த வேலைய விடாம இருக்கேன்.

— இதோ பாரும்மா, வேகம் ஜாஸ்தியா இருக்கு.

— ரெண்டாவது சுத்துல டயர் சூடாயிடுச்சு, இனிமேதான் ஓட்டமே. ஆமா, உள்ள எந்தப் பெட்டி இருக்குன்னு நீங்க கேக்கவே இல்லையே?

— போன வாரம் நான் அனுப்பினதுதான?

— ஸ்டோர் ரூம்ல, பழைய சீட்டுங்களுக்குப் பின்னாடி ஒண்ணு கிடந்துச்சு. அன்னிக்கு அவரு கார்ல இருந்த பெட்டியோட ஜோடி. உங்க முத்திரை அப்படியே இருக்கு.

— இருக்கவே முடியாது. அந்த வரிசை மொத்தத்தையும் நானே நேர்ல வந்து திருப்பி வாங்கிட்டேன்.

— எதுக்கு வாங்கினீங்க?

— என்னது?

— சும்மா கேட்டேன். தப்பு கைலன்னா, பெட்டிய எதுக்குத் திருப்பி வாங்கணும்?

— அது வழக்கம். எப்பவும் பண்றதுதான்.

— சரி, வழக்கமாவே இருக்கட்டும். இதோ மூணாவது சுத்து. அவரு போன அதே வேகத்துல சுவர் வளைவுக்குப் போறேன். கை சரியா இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு எழுதினது நீங்க. என் கை அவரு கையவிட சுத்தம்னு சொன்னதும் நீங்க. அப்புறம் ஏன் கதவ அந்தப் பிடி பிடிக்கறீங்க?

— வேகத்தக் குறை.

— ஏன்?

— குறைன்னா குறை. லாஜிக்கா யோசி, உனக்கும் உசிரு இருக்கு.

— என் உசிரு அந்தக் கட்டில்ல படுத்திருக்கு. சுவர் தெரியுது பாருங்க மாமா. புதுசா வெள்ள அடிச்சிருக்காங்க.

— அந்தப் பெட்டி பிடிக்காது.

— எது பிடிக்காது?

— வழுக்கினா பிடிக்காது. நான்தான் தள்ளி வச்சேன். உங்க கார் மாதிரியே எங்க காரும் இருந்தா யார் வாங்குவான்னு மேல நெருக்கினாங்க. பின்பக்கம் கொஞ்சம் ஆடினாத்தான் ஸ்போர்ட்ஸ் காருன்னு தோணும்னு, பிடிப்பு லேட்டா வர்ற மாதிரி வச்சேன். ரொம்ப லேட்டா. பிரேக்கப் போடு தாயே.

— அவருகிட்ட சொன்னீங்களா?

— இல்ல.

— ஏன்?

— சொன்னா உங்க ஆளுங்க ஒத்துக்க மாட்டாங்க. சொல்லாம ஓட்ட விட்டு, அவரு வாயால நல்லாருக்குன்னு வந்துட்டா முடிஞ்சிடும்னு நினைச்சேன். நிறுத்தும்மா, வளைவு வந்துடுச்சு.

— அவரு கை?

— அவரு கைல தப்பே இல்ல. ஒரு தப்பும் இல்ல. போதுமா?

— போதும். நிறுத்திட்டேன், கண்ணத் திறங்க. சுவர் அங்கேயேதான் இருக்கு.

— கிறுக்கி. ரெண்டு பேரையும் கொன்னிருப்பியே.

— தண்ணி வேணுமா?

— தண்ணியும் வேணாம், ஒண்ணும் வேணாம். நல்லா கேட்டுக்க. இந்த வண்டிக்குள்ள ஒண்ணும் நடக்கல, நான் ஒண்ணும் சொல்லல. நீ வெளிய போய்ச் சொன்னா, புருஷன் படுக்கைல விழுந்ததுல புத்தி பேதலிச்சிடுச்சுன்னு நானே சொல்வேன். லாஜிக் என்னன்னா, உனக்கு சாட்சி கிடையாது. உங்க அக்காவே உன்ன நம்ப மாட்டா.

— நேத்து வரைக்கும் நம்பலதான்.

— இன்னிக்கும் நம்ப மாட்டா. முதல்ல அந்தப் பழைய பெட்டியக் கழட்டி என் கைல குடு.

— பழசு ஏது? உள்ள இருக்கறது நீங்க போன வாரம் அனுப்பின புதுசு.

— யாருகிட்ட கதை விடற? வளைவுக்குப் போகும்போது உன் மூஞ்சியப் பாத்தேனே நான். சாகறதுக்குத் துணிஞ்ச மூஞ்சி அது.

— சாகடிக்கற பெட்டிய மாட்டிக்கிட்டு, பின் சீட்ல எங்க அக்காவ உக்கார வச்சு ஓட்டுவேனா மாமா? ஹெல்மெட்டக் கழட்டுக்கா.