மேலே ஒரு காப்பி

நான் நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். இன்று மூன்று கடைக்கு முதலாளி. சரக்கை எப்போது எடுப்பது, எங்கே பதுக்குவது என்று எனக்குச் சொல்லித்தர ஆள் பிறக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அன்று தேங்காய்ப்பட்டணம் பேருந்தில் முன் இருக்கைப் பெண் பேசியது காதில் விழுந்தது.

"எங்க வீட்டுக்காரருக்கு வாற மெயிலெல்லாம் ஒரு வாரமா நான்தான் வீட்டு கம்ப்யூட்டர்ல எறக்கி வச்சிருக்கேன். அவருக்கு ஒண்ணும் கிட்டாது."

புருஷன் குவைத்தில், இருவருக்கும் ஒரே மெயில் முகவரி. பக்கத்தில் இருந்த தோழிக்குக் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை என்று பேச்சிலிருந்து தெரிந்தது.

"ஏட்டி, நீ எறக்கினா மேல சர்வர்ல உள்ளது அழிஞ்சு போவும். செட்டிங்ல ஒரு டிக் போடு. வீட்டுலயும் கெடக்கும், மேல ஒரு காப்பியும் கெடக்கும். அவரு அங்க இருந்தே பாப்பாரு."

"வலையில விழுந்த மீன ஆராவது கடல்லயும் விட்டு வைப்பாவளா?"

"வெளையாடாத மக்கா. கம்பெனி மெயில் வந்துதான்னு அவரு தெனமும் போன்ல கேக்காரு இல்லியா?"

"வந்தாச்சு. இன்னும் ரெண்டு வருஷம் வேல நீட்டித் தருவாங்களாம். சம்மதம்னா இந்த வாரத்துக்குள்ள பதில் போடணுமாம்."

"ஐயோ! அப்ப சீக்கிரம் டிக்கப் போடு. எப்படின்னு நான் சொல்லித் தாரேன்."

"எனக்குத் தெரியும்ட்டீ. டிக் அங்க கெடந்துதுதான். அந்த மெயில படிச்ச ஒடனே நான்தான் எடுத்தேன். மேல கெடந்த காப்பியும் போச்சு."

"எதுக்குட்டீ?"

"மேல மெயில் இல்லேன்னா, கிறிஸ்மஸுக்கு ஆளு இங்க வந்து எறங்கும்."