வகுப்பு நடக்காத ஒன்பது நாட்கள்

என் பெயரும் முகவரியும் இத்துடன் உள்ள தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது நாற்பத்திரண்டு. திருமணம் ஆகவில்லை. இன்ஷூரன்ஸ் ஏஜென்டுகளுக்குப் பயிற்சி தரும் நிலையத்தில் பதினோரு வருடமாகச் சான்றிதழ்ப் பிரிவில் எழுத்தராக இருக்கிறேன். கணவரை இழந்த என் அக்காவும் அவளுடைய இரண்டு பெண்களும் என் பொறுப்பில் இருக்கிறார்கள்.

ஏஜென்டாக விரும்புகிறவர் எங்கள் நிலையத்தில் ஒன்பது நாள் வகுப்பில் உட்கார்ந்தால்தான் சான்றிதழ் தரவேண்டும். சான்றிதழ் இருந்தால்தான் தேர்வு எழுதி உரிமம் வாங்கலாம். வகுப்பு நடந்த தேதிகளை அடித்து, ஓரத்தில் என் சுருக்கொப்பம் வைத்து நான் நீட்டுவேன், இயக்குநர் கையெழுத்திடுவார். அவர் கையெழுத்துப் போட்ட யாரும் தேர்வில் தோற்றதில்லை என்று அவரை நாங்கள் கைராசிக்காரர் என்போம். ஐந்து வருடத்துக்கு முன் அவர், வகுப்புப் பக்கமே தலைகாட்டாதவர்களின் பட்டியல் ஒன்றைத் தந்து சான்றிதழ் அடிக்கச் சொன்னார். அடித்தேன். அதன் பிறகு மாதாமாதம் பட்டியல் வந்தது, மாதாமாதம் அடித்தேன். வேலை போய்விடும் என்ற பயம்தான், வேறு காரணம் சொல்ல மாட்டேன்.

போன வருடம் அத்தான் மாரடைப்பில் இறந்தார். இதய அறுவை சிகிச்சை நடந்ததை விண்ணப்பத்தில் மறைத்தார் என்று கம்பெனி இழப்பீடு தர மறுத்துவிட்டது. விண்ணப்பம் நிரப்பிய அன்று அத்தான் சட்டைப் பொத்தானைக் கழற்றித் தழும்பைக் காட்டியதாகவும், ஏஜென்ட், "அது பழைய கதைங்க, எழுதினா சும்மா இழுத்தடிப்பாங்க" என்று சொல்லி, முன்பு சிகிச்சை நடந்ததா என்று கேட்கும் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியதாகவும் அக்கா சொன்னாள். எங்கள் வகுப்பின் முதல் பாடமே அந்தக் கட்டம்தான். அதன் பிறகு அலுவலகத்தில் அந்த ஏஜென்டின் கோப்பை எடுத்துப் பார்த்தேன். பட்டியலில் வந்த ஆள். சான்றிதழின் ஓரத்தில் என் சுருக்கொப்பம் இருந்தது.

உடனே கைராசிக்காரரின் அறைக்குப் போனேன். ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டுவிட்டு, "அதுல உங்க ஒப்பமும் இருக்கும்மா, போய் வேலையைப் பாருங்க" என்றார். இரண்டு சுளையை என் பக்கம் நகர்த்தி வைத்தார். இவரைச் சும்மா விடுவதில்லை என்று அந்த அறையில் நின்றபடியே முடிவு செய்தேன்.

அடுத்த மாதம் வகுப்பறையின் மேல்பூச்சு பெயர்ந்து விழுந்து, கொத்தனார் வேலைக்காக நான்காம் தேதியிலிருந்து பன்னிரண்டாம் தேதி வரை நிலையம் பூட்டிக் கிடந்தது. அந்த ஒன்பது நாளும் வகுப்பு நடக்கவில்லை என்று கைராசிக்காரரே மேற்பார்வை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். அதன் பிறகு ஏழு மாதமாக, பட்டியலில் வந்த ஒவ்வொருவருக்கும் அந்த ஒன்பது நாட்களையே வகுப்புத் தேதியாக அடித்தேன். வகுப்பு முடிந்து ஓராண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் சான்றிதழ் வாங்கலாம் என்பதால் பழைய தேதி யார் கண்ணையும் உறுத்தவில்லை. பெயரையும் போட்டோவையும் மட்டும்தான் கைராசிக்காரர் பார்ப்பார், அதில் பிசகினால்தான் ஆட்கள் சண்டைக்கு வருவார்கள். வகுப்புக்கே வராதவனுக்குத் தேதி எப்படித் தெரியும்? உண்மையாக வந்து படித்தவர்களுக்கு உண்மையான தேதியே அடித்தேன். அவர்களுடைய சான்றிதழ் ஒன்றுகூடக் கெடவில்லை. மொத்தம் இருநூற்றுப் பதினான்கில் அவர் கையெழுத்திட்டார். ஒவ்வொன்றையும் நீட்டும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதன் பிறகு, அந்தச் சான்றிதழ்களின் தேதியைப் பாருங்கள் என்று மேற்பார்வை அலுவலகத்துக்கு நானே எழுதிப்போட்டேன்.

இப்போது அவர், எழுத்தர் கவனக்குறைவாகத் தேதியை மாற்றி அடித்துவிட்டார், திருத்தித் தந்தால் எல்லாச் சான்றிதழும் செல்லும் என்று சொல்லியிருப்பதாக அறிகிறேன். அதற்கு நான் தலையாட்டினால் எனக்கு ஒன்றும் ஆகாது என்றும் ஆள் விட்டுச் சொன்னார். தலையாட்ட மாட்டேன். கவனமாகத்தான் அடித்தேன்.

அத்தானின் ஏஜென்டுடைய சான்றிதழில் தேதி சரியாக இருக்கிறது, அது பொய் என்பதற்கு என் வாய்ச்சொல்லைத் தவிர ஆதாரம் இல்லை. அந்த ஏஜென்ட் ஒரு நாளும் வகுப்புக்கு வரவில்லை. தெரிந்தே, வந்ததாக எழுதி ஒப்பமிட்டவள் நான். இது அக்காவுக்குத் தெரியாது.

மேலே உள்ளதைக் காவல் ஆய்வாளர் எனக்குப் படித்துக் காட்டினார். ஓரிடத்தில் 'தவறுதலாக' என்றிருந்ததை அடித்து 'தெரிந்தே' என்று எழுதச் சொன்னேன். "யோசிச்சுச் சொல்லுங்கம்மா, உங்களையும் உள்ள வைக்க வேண்டியிருக்கும். வெளியில உங்க அக்கா வேற உட்கார்ந்திருக்காங்க" என்றார். அக்காவை அழைத்து அவளுக்கும் முழுவதையும் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொண்டேன். காட்டினார். அக்கா என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனாள். அதன் பிறகு திருத்திய இடத்திலும் கடைசியிலும், சுருக்கொப்பமாக அல்லாமல், முழுப் பெயரையும் எழுதினேன். இதில் உள்ளவை நடந்தவை, நானாகச் சொன்னவை. யாரும் என்னை மிரட்டவில்லை.

(ஒப்பம்)